பொட்டுத் தாலியும் கூவும் குச்சியும்

பொன் தேடுவது என் பொழுதுபோக்கு என்று சொன்னால், கேட்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு என் செருப்பைப் பார்ப்பார். செருப்பைப் பார்த்ததும் தேடல் எந்த நிலையில் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

மைசூருக்குத் தெற்கே சில ஓடைகளில் மணலோடு பொன் துகள் கலந்து வரும் என்று எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்தேன். நடு வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும். எனக்கு இது வந்தது. ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். நீளமான குச்சி, அடியில் வட்டமாக ஒரு தட்டு, மேலே சின்னத் திரை, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். கோட்டை, கோயில், பழைய சுவர் இருக்கும் பக்கம் இதைத் தூக்கிக்கொண்டு போனால் சட்டம் பிடித்துக்கொள்ளும். ஆகவே தெரிந்தவர்களின் தென்னந்தோப்பு, வயல் வரப்பு என்று அனுமதி கேட்டுத்தான் போவேன். இத்தனை வருடங்களில் கிடைத்தவை மாட்டு லாடம், பம்புசெட் நட்டு, ஒரு பித்தளைக் குழாயின் தலை, கூடை கூடையாகப் பாட்டில் மூடி. இந்த வேலைக்குப் பொறுமை, கைத்திறன், அதிர்ஷ்டம் மூன்றும் வேண்டும் என்பார்கள். பொறுமை என்னிடம் நிறைய இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். அதற்கு வேறு பெயர் உண்டு என்றாள் என் மனைவி.

ஆடிப் பெருக்கு அன்று காவிரிக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த அப்பா ஊரை விட்டார், ஆடிப் பெருக்கை விடவில்லை. புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கீழே, கோட்டையை விட்டு நன்றாக விலகி, ஆள் அதிகம் வராத ஒரு படித்துறைக்குப் போவோம். சென்ற ஆடியில் காரில் எங்களோடு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். எங்கள் தெரு முனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி செய்யும் அம்மாள், ஊரோரம் ஹெப்பாளில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் அவர் மகன், தை மாதம் அவனுக்குக் கட்டிவைத்த எல்லையோர மார்டள்ளிப் பக்கத்துத் தமிழ்ப் பெண். புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவளும் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலையில் இருந்தாள். அங்கே லீவு தரவில்லை. சரி, ஆற்றங்கரையில் தாலி நூலாவது மாற்றிவிடலாம் என்று அம்மாள் கிளம்பிவிட்டார்.

டிடெக்டர் டிக்கியில் இருந்தது. அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லியிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் நழுவிவிடுவதாகத் திட்டம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அணை நிரம்பிவிட்டது, மதியத்துக்குள் இன்னும் தண்ணீர் திறப்பார்கள் என்று ஜீப்பில் மைக் வைத்து ஒரு போலீஸ்காரர் கரையோரமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஆறு அப்போதே செம்மண் நிறத்தில் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் எங்களைத் தவிர இரண்டு மூன்று குடும்பங்கள். அவர்களும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நூல் மாற்றுவது இப்படி. மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்து ஒரு வெற்றிலையில் வைப்பார்கள். பழைய நூலிலிருந்து தாலியையும் குண்டு, பவழம் முதலியவற்றையும் கழற்றிப் பிள்ளையார் முன்னால் வைப்பார்கள். பழைய நூலைப் பூவோடு ஆற்றில் விட்டு, பூஜை முடித்து, பிள்ளையாரைத் தண்ணீரில் கரைத்து, புது மஞ்சள் நூலில் எல்லாவற்றையும் கோர்த்துக் கழுத்தில் கட்டுவார்கள். பத்து நிமிட வேலை. ஜீப் திரும்பி வரும் சத்தம் கேட்டதால் அம்மாள் அதை ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பார்த்தார். பெண் நூலை ஆற்றில் விட்டாள். அம்மாள் கற்பூரம் காட்டினார், அது தூறலில் அணைந்தது, பிள்ளையாரைக் கொண்டுபோய்க் கரைத்தார். திரும்பி வந்து கோர்க்க உட்கார்ந்தார்.

வெற்றிலையில் குண்டு இருந்தது, பவழம் இருந்தது. தாலி இல்லை.

அது பொட்டுத் தாலி. சட்டைப் பொத்தான் அளவு, உள்ளே கூடான மெல்லிய தகடு. எடை பார்த்தால் தராசே கூச்சப்படும். ஆனால் அதை எடை பார்க்கும் நேரம் அல்ல அது.

"நூலோடவே விட்டுட்டியா? கண்ணு எங்கடி வச்சிருந்த?" என்றார் அம்மாள்.

"இல்லீங்க அத்தை. எடுத்து வச்சனுங்க."

"வச்சிருந்தா இப்ப றெக்க மொளச்சுப் பறந்து போச்சா?"

மகன் வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தட்டைக் கவிழ்த்தான், பையைக் கொட்டினான், புல்லைத் துழாவினான். என் மனைவி புளியோதரைத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்தாள். அம்மாள் ஒரு மஞ்சள் கிழங்கை நூலில் முடிந்து மருமகள் கழுத்தில் கட்டிவிட்டார்.

"ஆடிக்கு உங்கம்மா வூட்டுக்கு அனுப்பியிருந்தா இந்த வம்பே வந்திருக்காது. வந்து ஆறு மாசங்கூட ஆகல, ஆத்துக்குத் தாலியக் குடுத்துட்டு நிக்கிறா" என்றார் அவர், பொதுவாக ஆற்றைப் பார்த்து.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்தத் தாலி கிடைக்காமல் இந்தப் பெண் வீட்டுப் படி ஏறினால், இனி அந்த வீட்டில் பால் திரிந்தாலும் மகனுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் கணக்கில்தான் எழுதப்படும். வேறு தாலி செய்துகொள்ளலாம். இந்தக் கணக்கை அழிக்க முடியாது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. மஞ்சள் கிழங்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "சார், அந்தக் கூவுற குச்சி டிக்கில கெடக்குதுங்களே."

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதைத் துணியில் சுற்றி, யார் கண்ணிலும் படவில்லை என்ற நம்பிக்கையோடு, அவருடைய தள்ளுவண்டியைக் கடந்துதான் போவேன்.

"போங்க" என்றாள் என் மனைவி. "இத்தன நாள் சும்னே சுத்தினதுக்கு இன்னிக்கு ஒண்ணாவது எடுத்துக் குடுங்க."

பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, டிடெக்டரையும் அதோடு கிடந்த சல்லடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. மகன் பின்னால் இறங்கி என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் நீச்சல் தெரியாது என்று பிறகுதான் சொன்னான். தண்ணீர் முழங்காலைத் தள்ளியது. காலடியில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக நழுவின.

பெண் நூலை விட்ட இடத்தைக் காட்டினாள். அங்கிருந்து ஓட்டத்தின் திசையில் தட்டைத் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டு போனேன். ஹெட்போனைத் தலையில் மாட்டியதும் உலகமே அணைந்து, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு 'டிங்'. குனிந்து சல்லடையால் வாரினேன். ஒரு ரூபாய்க் காசு. அடுத்த அடியில் 'டிங்'. ஐந்து ரூபாய். காவிரிக்குப் பல தலைமுறைகளாக மக்கள் போட்ட காசு அத்தனையும் அந்தப் படித்துறையில்தான் கிடந்தது. ஒவ்வொரு 'டிங்'குக்கும் நான் குனிய, கரையில் அம்மாள் எழுந்து நின்றார். ஒவ்வொரு காசுக்கும் உட்கார்ந்தார். நான் காசுகளைத் திரும்ப ஆற்றில் போட்டேன். என்னுடைய வாழ்க்கையிலேயே மிக அதிக வருமானம் வந்த கால் மணி நேரம் அது.

அந்தப் பகுதி முழுவதையும் தேடி முடித்தேன். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது தண்ணீர் தொடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கருவிக்குப் பல குரல்கள். இரும்புக்கு 'உர்', காசுக்கு 'டிங்', பான் மசாலா பாக்கெட்டின் ஜிகினாத் தாளுக்கு மெல்லிய 'கீச்'. கர்நாடகத்தில் எங்கே தட்டை வைத்தாலும் கீச் என்கிறது என்று வெறுத்துப் போய், அந்தக் குரலை மட்டும் நான் அடைத்து வைத்திருந்தேன். அந்தக் குரலில்தான் மெல்லிய, சின்னத் தங்கமும் பேசும். இது ஒன்றும் ரகசியம் அல்ல. கருவியோடு வந்த கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் அதைப் படித்தும் இருந்தேன். தங்கம் தேடும் ஒருவன் தங்கத்தின் குரலை அடைத்துவிட்டு வருடக்கணக்கில் தோப்பு தோப்பாக அலைந்திருக்கிறான்.

இதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினேன். ஆறு முழுவதும் கீச் கீச் என்றது.

"என்ன சார்?" என்றான் மகன்.

"மறுபடியும் முதல்லேர்ந்து பாக்கணும்பா."

"தண்ணி ஏறுதே சார்."

"தெரியுது."

எல்லாவற்றையும் தோண்ட நேரம் இல்லை. இங்கே கொஞ்சம் படித்தது உதவியது. தங்கம் கனம், ஓட்டம் தளரும் இடத்தில், பெரிய கல்லின் பின்புறத்தில் போய் விழும். நூல் போன வழியில் எருமை முதுகு போல ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தட்டை வைத்தேன். கீச். வாரினேன், பாக்கெட் தாள். கீச். பாக்கெட் தாள். கீச். சல்லடையில் மணல் வடிந்ததும், நடுவில் ஒரு மஞ்சள் மினுக்கல்.

கையை மட்டும் தூக்கினேன். கரையில் என் மனைவி "சிக்குத்தா?" என்று கேட்டது ஹெட்போனைத் தாண்டிக் காதில் விழுந்தது. நான் படி ஓரம் வருவதற்குள் அம்மாள் இறங்கி ஓடி வந்து என் கையைப் பற்றி, உள்ளங்கையில் இருந்ததைக் கண்ணருகே கொண்டுபோனார்.

தாலிதான். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கையை மெதுவாக விட்டார், சுட்ட பாத்திரத்தை விடுவது போல.

"இது நம்மளது இல்லீங்க சார். நாமம் போட்டிருக்குது பாருங்க. இது பெருமாளு கும்புடறவங்க தாலி."

பார்த்தேன். தேய்ந்துபோன தகட்டில் நாமம் தெரிந்தது.

"இதென்ன இன்னிக்கு நேத்திக்கு விழுந்ததுங்களா? யாரு கழுத்துலருந்து எறங்குச்சோ, எந்த நாள்ல எறங்குச்சோ" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "கரைக்குக் கொண்டாராதீங்க. எம் பையன் பக்கத்துல நிக்கறான்."

காவிரியில் தாலி எப்படியெல்லாம் வந்து சேரும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆடிப் பெருக்குக்கு மட்டுமா அதைக் கழற்றுவார்கள், புருஷன் செத்தாலும் கழற்றி ஆற்றில்தான் விடுவார்கள். மகன் என் பெல்ட்டை விட்டுவிட்டு ஓரடி தள்ளி நின்றான். நான் கிட்டத்தட்ட விழுந்தேன்.

ஆக, என் வாழ்நாளில் நான் கண்டெடுத்த முதல் தங்கத்தை, எடுத்த இரண்டு நிமிடத்தில், நடு ஆற்றை நோக்கி என்னால் முடிந்த மட்டும் தூரமாக எறிந்தேன். சத்தம்கூட வரவில்லை.

கரை ஏறிப் படியில் உட்கார்ந்தேன். அப்போது ஜீப் வந்து நின்றது. மைக் வைத்திருந்த போலீஸ்காரர் இறங்கினார். முழங்காலுக்கு மேல் சேறு, கையில் டிடெக்டர், பக்கத்தில் சல்லடை என்று ஒரு நடு வயது ஆசாமி. அவர் முகம் மாறியது.

"ஏனு மாடுத்திதீரா? நிதி ஹுடுக்குத்திதீரா?" என்றார். புதையல் தேடுகிறீர்களா என்று கேட்கிறார். அந்தப் பக்கத்தில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லாவிட்டால் அன்றைய பொழுது ஸ்டேஷனில்தான். எனக்கு நாற்பது வருடமாகத் தெரிந்த கன்னடம் முழுவதும் அந்த நொடியில் மறந்துபோயிற்று.

"நிதி அல்லா சார்" என்றாள் என் மனைவி, எழுந்துகூட நிற்காமல். "தாளி." கையால் அந்தப் பெண்ணின் கழுத்தில் கிடந்த மஞ்சள் கிழங்கைக் காட்டினாள்.

போலீஸ்காரர் பெண்ணைப் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். மேலே தண்ணீர் திறந்தாயிற்று, கொஞ்ச நேரத்தில் இங்கே வந்துவிடும், "பேக பேக முகிசி" என்றார். சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஜீப்பைக் கிளப்பாமல் அங்கேயே நின்றுகொண்டார். அவர் நின்றதில் எனக்கு இன்னும் பதற்றமாக இருந்தது.

நூல் போன வழியில் இனி இறங்க முடியாது. எருமைக் கல் மறைந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று அந்தப் பெண்ணிடம் போனேன். மகன் அவளுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றான். அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்ன சொல்வது என்று தெரியாமல், "நீ எடுத்து வச்சேன்னு சொன்னியேம்மா, எங்க வச்ச?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நேரமும் அவளிடம் எல்லோரும் எடுத்தாயா இல்லையா என்றுதான் கேட்டிருந்தோம். எங்கே என்று நான் உட்பட யாரும் கேட்கவில்லை.

மாமியாரை ஒரு தரம் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "பிள்ளையாரு மேல சாத்தி வச்சனுங்க. நெஞ்சுல. எங்கூருல அப்படித்தானுங்க வைப்போம்."

ஈர மஞ்சள். அதில் சாத்திய மெல்லிய தகடு. மேலே பூ. அவசரத்தில் பூவோடு அப்படியே அள்ளிக்கொண்டு போனவர் யார் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா அத்தைமேல பழி போட்ட மாதிரி ஆயிருமுங்களே."

பிள்ளையார் கரைத்த இடம் படித்துறையின் மறு ஓரம். இரண்டு கற்களுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு மூலை. ஓட்டம் இல்லாததால் எல்லாக் குடும்பமும் அங்கேதான் கரைத்திருந்தது. சேறு மஞ்சளாகவே இருந்தது. நான் அங்கே போய்க் குந்தியதும் அம்மாளின் பார்வை என் முதுகில் பட்டதை உணர்ந்தேன்.

கீச். பாக்கெட் தாள். கீச். மீண்டும் தாள். மூன்றாவது கீச் கல்லுக்கு அடியில், சல்லடை நுழையாத இடுக்கில் வந்தது. டிடெக்டரை வைத்துவிட்டுக் கையை விட்டேன். தண்ணீர் முழங்கைக்கு வந்தது. மேல் படியில் இருந்த குங்குமப் பொட்டு ஒன்று கரைந்து சிவப்பாக என் பக்கம் வந்தது. தூரத்தில் சைரன் ஒலித்தது.

"சார், பன்னி மேலே" என்றார் போலீஸ்காரர். மேலே வரச் சொல்கிறார்.

"ஒந்து நிமிஷ" என்றேன். கன்னடம் திரும்ப வந்திருந்தது.

விரல் நுனியில் சேறு, கூழாங்கல், ஒரு கண்ணாடித் துண்டு, பிறகு கொழகொழவென்று ஏதோ. பிடித்தால் நழுவியது. மறுபடி பிடித்தேன், மறுபடி நழுவி இன்னும் உள்ளே போயிற்று. தோள் வரை கையை விட்டேன், கன்னம் கல்லில் அழுந்தியது. யாரோ என் பெல்ட்டைப் பிடித்தார்கள். இந்தத் தடவை அவசரப்படாமல், விரலை வளைத்து, சுற்றியிருந்த சேற்றோடு சேர்த்து மெதுவாக இழுத்தேன். பொறுமை என்றால் இதுதான் போலிருக்கிறது. அது எனக்கு அதற்கு முன்னால் பழக்கமில்லை. கை வெளியே வந்தபோது உள்ளங்கையில் ஒரு சுண்டைக்காய் அளவு மஞ்சள் உருண்டை. அதைப் பிதுக்கினேன். உள்ளே பொட்டு.

திரும்பிப் பார்த்தால் என் பெல்ட்டைப் பிடித்திருந்தது அந்தப் பெண்.

படி ஏறி, உள்ளங்கையை அம்மாள் முன் நீட்டினேன். மஞ்சளைத் துடைக்க எனக்குத் தோன்றவில்லை. துடைத்திருக்க வேண்டுமோ என்று நீட்டிய பிறகுதான் நினைத்தேன். அவர் தாலியைப் பார்த்தார், ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார், நான் எழுந்து வந்த மூலையைப் பார்த்தார். மகன் தன் அம்மாவைப் பார்த்தான். என் மனைவி சாப்பாட்டுத் தூக்குகளை இறுக்கி மூடுவதில் மும்முரமானாள்.

அம்மாள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புது நூலில் குண்டு, பவழம், பொட்டு என்று கோர்த்தார். ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தார். தலை மட்டும் நிமிரவில்லை.

"எடுத்து வச்சேன்னு சொன்னனுங்களே அத்தை" என்றாள் மருமகள். குரலில் கோபம் இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் அவள் குனிவதாக இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

கீழே ஆறு ஒரு படியை விழுங்கியது. போலீஸ்காரர் விசில் ஊதினார்.

"சொன்ன" என்றார் அம்மாள். "நாந்தான் அள்ளிட்டுப் போயிட்டேன். குனி, தண்ணி வருது."

அவள் குனிந்தாள்.